துண்டுக்கு அடியில் ஒரு கை

காங்கேயத்துக்குக் கிழக்கே மருதங்காட்டுப்புதூரில், வியாழக்கிழமை மாட்டுச் சந்தை கூடும் மைதானத்துக்கு எதிரே சாந்தாமணியின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது என்பதும், அதன் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பேர் உட்கார்ந்து பகடை உருட்டி இல்லாத ஊரில் இல்லாத ஆட்களாக நடமாடி விளையாடுவார்கள் என்பதும், ஒரு ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை அந்த விளையாட்டுக்கு இன்னொரு கை வந்து சேர்ந்தது என்பதும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். வெளியூர்க்காரர்கள்தான் அந்தக் கையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்கிறார்கள். கையில் என்ன இருக்கிறது, கை என்றால் கைதான், விஷயம் அந்த ரெண்டு பேரிடம் இருக்கிறது என்று சொன்னால் அவர்களுக்குப் புரிவதில்லை, அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

சாந்தாமணிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் தீர்த்துவிட்டு வந்து, அப்பன் கொடுத்த இடத்தில் கடை போட்டுத் தனியாகப் பிழைத்துக்கொண்டிருந்தாள். பெங்களூரில் இருந்த சித்தி மகன் விட்டுப்போன விளையாட்டுப் புத்தகம் ஒன்றை, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ரெண்டு மழைக்காலம் உட்கார்ந்து தமிழில் எழுதி, தன் மெஷினிலேயே நாலு காப்பி எடுத்துச் சுருள் கம்பி போட்டு வைத்திருந்தாள். விளையாட்டில் கதை சொல்கிறவள் அவள்தான். கோட்டைக் காவல்காரன், பாழுங்கிணற்றுப் பேய், கிழட்டுக் குதிரை, குதிரைக்காரனின் கோபக்காரப் பெண்டாட்டி என்று அத்தனை பேரும் அவள் தொண்டையிலிருந்துதான் பேசுவார்கள், அந்தக் குரலைக் கேட்பதற்காகவே கீழே ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எடுத்து முடித்தும் போகாமல் படிக்கட்டில் நின்றுகொண்டிருப்பார்கள். எண்ணெய் மில் ஜாபர் வாள்வீரனாக ஆடினான். போஸ்ட் ஆபீஸ் விசாலம், முப்பது வருஷம் ஒரு தபால்தலை கூடத் தவறவிடாத பொம்பளை, திருடியாக ஆடினாள், அதில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் அரசாங்கமே பயந்திருக்கும்.

புத்தகத்தில் இன்னொரு வேஷம் இருந்தது. அந்த ஆளுக்குச் சொந்தமாக ஒரு வித்தையும் கிடையாது. ஒவ்வொரு தடவை ஆட்டம் தொடங்கும்போதும் ஏதாவது ஒரு ஆவியைக் கூப்பிட்டுப் பேரம் பேசி, அதன் வித்தையை அன்றைக்கு மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும், பதிலுக்கு ஆவி கேட்பதைக் கொடுக்க வேண்டும், இன்றைக்கு வைத்தியன், அடுத்த வாரம் வில்லாளி, அதற்கடுத்த வாரம் பூட்டுத் திறப்பவன் என்று கூட்டத்தில் எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே போய் அடைத்துக்கொள்ள வேண்டும். சாந்தாமணி அந்த வேஷத்துக்கு ஆவித்தரகன் என்று தமிழில் பேர் வைத்தாள், வைத்த பேரைத் திரும்ப ஒருமுறை படித்தாள், எழுந்து ரோட்டைத் தாண்டிச் சந்தைக்குள் போய் நாச்சிமுத்துவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

நாச்சிமுத்து மாட்டுத் தரகர், நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகாதவர். எங்கள் பக்கத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை, ஆனாலும் இத்தனை மாட்டுக்கு நல்ல இடம் பார்த்துக் கொடுத்த மனுஷனுக்கு ஒரு இடம் அமையவில்லையே என்று சந்தைக்கு வரும் பெண்கள் அவர் காதுபடவே பேசிக்கொள்வார்கள், அவரும் சிரித்துக்கொண்டு போய்விடுவார். ஊரில் எல்லோரும் அவரைத் தரகரு என்றுதான் கூப்பிடுவோம். அம்மா செத்த பிறகு நாச்சிமுத்து என்று முழுப்பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லாமல் இருந்தது. சாந்தாமணிதான், ஆட்டத்தில் அவர் முறை வரும்போது, பேய்க்குரலையும் குதிரைக்குரலையும் கழற்றி வைத்துவிட்டுத் தன் சொந்தக் குரலில், "நாச்சிமுத்து, நீங்க உருட்டுங்க" என்பாள். அதைக் கேட்க அவருக்குப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஷேவ் பண்ணிக்கொண்டு வந்ததற்கு வேறு காரணம் இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை.

முதல் நாளே அவர் ஒரு சட்டத்தை மாற்றினார். நாலு பேருக்கு முன்னால் வாய்விட்டு விலை பேசுவது சந்தையில் வழக்கமில்லை, துண்டைப் போட்டு மூடி அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவது, பேசின விலை அந்த ரெண்டு கைக்கு மட்டும்தான் தெரியும், வெளியே சொல்வது பிழைப்பைக் கெடுக்கிற காரியம்.

"ஆவிங்கிறதுக்காக முறையை மாத்த முடியுங்களா?" என்றார்.

சாந்தாமணி சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் தோள்துண்டை விரிப்பார், ஆவிக்குப் பதிலாக அவள் கையை உள்ளே விடுவாள், அவர் விரலைப் பிடிப்பார், அவள் உதறுவாள், இவர் எழுந்து போவதுபோல் போய் வருவார், இப்படி அரைமணி நேரம் பேரமே ஓடும். ஜாபர் வாளைத் தீட்டிக்கொண்டு கொட்டாவி விடுவான்.

அந்த ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை, வாள்வீரனுக்குக் கால் முறிந்திருந்ததால் வைத்திய ஆவி ஒன்று தேவைப்பட்டது. துண்டுக்கடியில் பேரம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அப்போது ஜாபர் சொன்னான்.

"அக்கா, உங்க கை ரெண்டும் மேல இருக்குதுங்க்கா."

சாந்தாமணி பார்த்தாள். ஒரு கையில் டீ கிளாஸ், ஒரு கையில் புத்தகம். "ஆமா," என்றாள். "இன்னும் உள்ள வுடவேயில்லை."

நாச்சிமுத்து துண்டைத் தூக்கிப் பார்க்கவில்லை, பேரம் முடியுமுன் துண்டைத் தூக்குவது மரியாதையில்லை. "நல்ல கைதானுங்க," என்றார். "கொஞ்சம் சில்லுனு இருக்குது. மாடு புடிச்சுக் காச்ச கை. பேச்சு சுத்தமா இருக்குது." விரலைப் பிடித்தால் அது என்ன கேட்கிறதென்று அவருக்குப் புரிந்தது, எப்படிப் புரிந்தது என்றால், தண்ணிக்குக் கத்துகிற மாட்டையும் கன்றுக்குக் கத்துகிற மாட்டையும் பிரித்துத் தெரிவதுபோல என்பார். பேரம் முடிந்தது. ஆட்டத்தில் ஜாபரின் கால் கூடியது. அது மட்டுமில்லை, மறுநாள் சந்தைப்பேட்டையில் நொண்டிப் படுத்துக் கிடந்த பசுவின் குளம்பில் நாச்சிமுத்து கையை வைக்க, அது எழுந்து நடந்து போய்த் தீவனம் தின்றது. அடுத்த ஞாயிறு வரைக்கும் அவர் கை பட்டதெல்லாம் குணமானது, அதற்குப்பின் நின்றுவிட்டது. புதுச் செருப்பு வாங்கி அது கிறீச் கிறீச் என்று சத்தம் போடுவதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு, அந்தச் சத்தம் மட்டும் அன்றிலிருந்து இல்லை, கை கேட்ட விலை அதுதான் போல.

இதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதல் வாரம் பேசினோம், ரெண்டாவது வாரம் வரிசையில் நின்றோம். மூன்றாவது வாரம் வரிசையில் சண்டை வந்ததால் கடைக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டப்பட்டது. மேற்கால வீதிக்காரர்கள் மோட்டார் ரிப்பேர் தெரிந்த ஆவியைக் கேட்டார்கள், மகளிர் குழு பரீட்சைக்கு முன்னால் கணக்கு சொல்லித்தருகிற ஆவியைக் கேட்டது, பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினாருக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம், மாரியம்மன் கோயிலில் நாதஸ்வரக்காரர் வரவில்லை என்று ஒரு வாரம். நாச்சிமுத்து அந்த வாரத்துக்கு என்ன தேவையோ அதுவானார். பிளம்பராக இருந்தார், வக்கீலாக இருந்தார், ஒரு வாரம் பெரிய பாடகராக இருந்து மாடுகளைக் கலைத்தார். சப் இன்ஸ்பெக்டர் ஒருநாள் வந்து விசாரித்து, சட்டத்தில் இதற்கு இடமிருப்பதாகவும் தெரியவில்லை இல்லையென்பதாகவும் தெரியவில்லை என்று சொல்லி, போகும்போது தன் பேரையும் பட்டியலில் எழுதிவிட்டுப் போனார்.

விலையைத் தரகர் ஒருத்தரே கொடுப்பது நியாயமில்லை என்று ஊர் கூடிப் பேசி, கேட்கிறவர்களே கொடுப்பது என்று முடிவானது. உடனே ஒருத்தர் தன் குறட்டையைக் கொண்டுவந்தார், ஒருத்தர் கழுத்து மருவைக் கொண்டுவந்தார், ஒருத்தர் மாமியாரைக் கொடுக்கலாமா என்று கேட்டார். கை எதையும் தொடவில்லை.

"தள்ளி வுடற மாட்டை வாங்கற கை இல்லீங்க அது," என்றார் நாச்சிமுத்து. "உங்குளுக்கு எது ஆசையோ அதுதான் வேணுங்குது."

அப்புறம்தான் எல்லோரும் சுத்தமாக நடந்துகொண்டோம். ஒருத்தி மண்ணெண்ணெய் வாசம் பிடிக்கிற ஆசையைக் கொடுத்தாள், ஒருத்தர் விசிலடிப்பதைக் கொடுத்தார். நான் சூடான வடையின் மொறுமொறுப்பைக் கொடுத்தேன், வடை இருக்கிறது, கடிக்கிறேன், அவ்வளவுதான். கொடுத்தது கொடுத்ததுதான், அதற்காக யாரும் பிலாக்கணம் வைக்கவில்லை.

புரட்டாசியில் சாந்தாமணிக்குக் குரல் கம்மியது. ஜலதோஷம் என்றாள், கொத்தமல்லிக் காப்பி குடித்தாள். ஐப்பசியில் பேய்க்குரல் வரவில்லை, குதிரைக்குரலும் போயிற்று, தன் குரலே காகிதம் கிழிகிற சத்தமாகிவிட்டது. கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல்வளையில் கட்டி இருக்கிறது, எடுத்தே ஆக வேண்டும், எடுத்தால் குரல் போய்விடும், உயிருக்கு ஒன்றுமில்லை என்று கார்த்திகையில் ஒரு புதன்கிழமைக்குத் தேதி கொடுத்தார்கள். அவள் ஊருக்கு வந்து ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மறுநாள் கடையைத் திறந்து, 'எத்தனை காப்பி?', 'ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?', 'கலரா, கறுப்பா?' என்று அட்டைகள் அடித்துக் கல்லாப்பக்கம் அடுக்கி வைத்துக்கொண்டாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. முதல் ஞாயிறு பட்டியல்படி மாரியம்மன் கோயிலுக்கு உரியது, தேர்ச்சக்கரம் செய்ய ஒரு தச்சு ஆவி வேண்டுமென்று ஆறு வாரமாகக் காத்திருந்தார்கள்.

கோயில்காரர் மாடிக்கு வந்து, "தேரு எங்கீங்க போயிரும், அந்தப் புள்ள தொண்டையப் பாருங்க தரகரே," என்று ஒரே வார்த்தையில் விட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்.

நாச்சிமுத்து துண்டை விரித்தார். கை வந்தது. அவளுக்குக் குரல் வேண்டுமென்று கேட்டார். கை அவர் விரல்களைப் பிடித்து ஒரு விலை சொன்னது. அவர் அந்த விலையை அப்படியே அமுக்கிப் பிடித்து, சரி என்றார்.

சந்தையில் கால் வைத்த நாளிலிருந்து அவர் செய்யாத காரியம் அது. சொன்ன விலையை முதல் பிடியிலேயே ஒத்துக்கொண்டால், விற்கிறவன் சந்தோஷப்பட மாட்டான், பயந்துபோவான். குறைத்துச் சொல்லிவிட்டோமோ, நமக்குத் தெரியாதது என்னவோ இவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று மாட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே போய்விடுவான். இது சந்தையில் சாணி அள்ளுகிறவனுக்குக் கூடத் தெரியும். நாச்சிமுத்துக்குத் தெரியாதா? தெரியும், ஆனால் அன்றைக்கு அவர் தரகராக உட்காரவில்லை, அவருக்கே வேண்டியிருந்தது. துண்டுக்கடியில் கை அசையாமல் கொஞ்சநேரம் இருந்தது, பிறகு மெதுவாக விரல் விரலாக விடுவித்துக்கொண்டு போய்விட்டது. அது கேட்ட விலை என்ன என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை.

"கெடுத்துப்போட்டனுங்க," என்றார் அவளைப் பார்த்து. "என்ற புத்தி மாடு மேயப் போயிருச்சு." கண்ணில் தண்ணி வந்துவிட்டது, துடைக்கத் துண்டை எடுத்தால் கை திரும்பி வரும்போது துண்டு இருக்காதே என்று துடைக்காமலே உட்கார்ந்திருந்தார்.

ரெண்டாவது ஞாயிறு, சுற்றுவட்டாரத்தில் இருக்கிற தரகர்களெல்லாம் அவரவர் துண்டோடு வந்தார்கள். அந்தியூர்ப் பக்கமிருந்து கூட ஒருத்தர் பஸ் பிடித்து வந்தார். ஒவ்வொருத்தராகத் துண்டுக்கடியில் கையை விட்டு, தங்கள் கையையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு எழுந்தார்கள். கை வரவில்லை. ரிப்பேர் பார்க்க ஆவி இல்லாமல் ஊரில் ஒரு மோட்டாரும் ஓடவில்லை, அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு சாந்தாமணி நாச்சிமுத்துவின் தோளிலிருந்து துண்டை உருவினாள். பேசுவதற்கு அவளுக்குக் குரல் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது, எல்லோரும் குனிந்துதான் கேட்டோம்.

"துடிக்கற கைய அது கண்டுபுடிச்சுருதுங்க," என்றாள். "நான் போட்டுப் பாக்கறன். நான் ஒரு மாசமா அட்டை காட்டிப் பழகீட்டன். போனாப் போகுது."

துண்டை மடியில் விரித்துக் கையை உள்ளே விட்டாள். படிக்கட்டு முழுக்க ஜனம். கொஞ்ச நேரத்தில் துண்டு லேசாக மேடிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அது சொன்ன விலையைக் கேட்டாள், பிறகு சட்டென்று கையை வெளியே உருவிக்கொண்டு, எழுந்து ஜன்னல்வரை போய்விட்டாள். அது பேரத்துக்காகப் போகிற நடை இல்லை, நிஜமாகவே போகிற நடை என்று சந்தை பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. துண்டு தரையில் விழுந்தும் மேடிட்டபடியே இருந்தது. விசாலம், "சாந்தா," என்று கூப்பிட்டாள், அவள் திரும்பி வந்து கையை விட்டாள், மறுபடியும் உதறிவிட்டு எழுந்தாள், இந்தத் தடவை படிக்கட்டு வரைக்கும் போய்ச் செருப்பையும் மாட்டிக்கொண்டாள். அப்போது, தரையில் கிடந்த துண்டு அவள் பின்னாலேயே ரெண்டடி நகர்ந்து போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவள் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து மூன்றாவது தடவை கையை விட்டாள். ரொம்ப நேரம் ஆயிற்று. ஒருமுறை தலையை ஆட்டினாள், ஒருமுறை உதட்டைக் கடித்தாள். பிறகு துண்டை எடுத்து உதறி மடித்து நாச்சிமுத்துவிடம் கொடுத்துவிட்டு, டீ போடக் கீழே போனாள்.

புதன்கிழமை ஆபரேஷன் நடந்தது. கட்டி குரலில் ஒட்டாமல் தனியாக வந்துவிட்டதாம், அதனால் வாரம் முடிந்தும் குரல் போகவில்லை. பத்து நாள் கழித்து டாக்டர் பேசச் சொன்னார், பேசினாள், டாக்டர் ஃபைலில் 'பேசுகிறார்' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மார்கழியில் ஆட்டம் திரும்பத் தொடங்கியது, கையும் வந்தது, பட்டியல் விட்ட இடத்திலிருந்து நகர்ந்தது, வரிசைச் சண்டையும் அதோடு சேர்ந்து வந்தது. சாந்தாமணியின் குரலில் பேய் பேசியது, கிழட்டுக் குதிரை கனைத்தது. நாச்சிமுத்துக்கு மட்டும் நிம்மதியில்லை. என்ன கொடுத்தாளோ என்று அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க முடியாது, கேட்கக்கூடாது என்ற சட்டத்தை அந்த மாடிக்குக் கொண்டுவந்தவரே அவர்தான். டீயை ரசித்துக் குடிக்கிறாளா, குடிக்கிறாள். புதுக் காகிதக் கட்டைப் பிரித்ததும் மோந்து பார்க்கிறாளா, பார்க்கிறாள். மழை வந்தால் வாசலில் வந்து நிற்கிறாள், பாட்டு முணுமுணுக்கிறாள், எதுவும் குறையவில்லை. அவர் முறை வரும்போது பென்சிலை அவர் பக்கம் நீட்டி, "உருட்டுங்க" என்றாள். அதை அவர் கவனித்தார், ஆனாலும் ஆபரேஷன் ஆன தொண்டை, ஒரு வார்த்தையை மிச்சம் பிடிக்கிறாள் போல என்று விட்டுவிட்டார்.

தை மாதம் ஒரு வியாழக்கிழமை, சந்தையில் ஒரு காளை கயிறறுத்துக்கொண்டு வந்தது. நாச்சிமுத்து அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். ரோட்டுக்கு இந்தப் பக்கம் கடை வாசலில் நின்ற சாந்தாமணி அதைப் பார்த்து வாயைத் திறந்தாள், வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை, மறுபடியும் திறந்தாள், பிறகு கையிலிருந்த காகிதக் கட்டை வீசியடித்துவிட்டு, "ஏய் மாடு, மாடு, மாடு" என்று கத்திக்கொண்டு ரோட்டில் ஓடினாள். அவர் விலகினார், கொம்பு சட்டையைக் கிழித்துக்கொண்டு போயிற்று, விலாவில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு எதிரே வந்து நின்றாள். அவர் கீறலைப் பார்க்கவில்லை, அவள் வாயையே பார்த்தார்.

"என்ற பேரைக் கூப்புடப் பாத்தீங்க," என்றார். "வரலீங்களா?"

அவள் முந்தானையால் கீறலை ஒற்றினாள்.

"வெலை பேசுனதை வெளிய கேக்கக்கூடாது, தெரியுங். ஆனா கேக்கறன். அத்தன குரலுக்கும் என்ற பேரைத்தானுங்களா வித்தீங்க?"

"மொதல்ல அது பேரைக் கேக்கலீங்க," என்றாள் சாந்தாமணி. "உங்களைக் கேட்டுச்சு. இந்த ஆளை வுட்டுப்போடு, இனி உன் கண்ணுல பட மாட்டான், குரலை வெச்சுக்கன்னுச்சு. நான் எந்திரிச்சுப் போயிட்டன். ரெண்டாவதும் அதையேதான் கேட்டுச்சு. மூணாவதுதான் எறங்கி வந்துச்சு. பேரைக் குடுத்துட்டு ஆளை வெச்சுக்கிட்டனுங்க."

சந்தை இரைந்துகொண்டிருந்தது. கொடுக்கிறவருக்குப் பிடிக்காத எதையும் அந்தக் கை வாங்காது என்பது ஊரில் எல்லோரையும்விட நாச்சிமுத்துக்கு நன்றாகத் தெரியும். அது மெதுவாக அவருக்கு உறைத்தது. காளையைப் பிடித்துக்கொண்டு வந்தவன், யாருக்கு அடி என்று கேட்டதற்குக் கூடப் பதில் சொல்லாமல் அவளைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

விஷயம் சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றாள் விசாலம். "எங்கம்மா நாப்பது வருஷம் எங்கப்பா பேரை வாயில எடுத்ததில்லை. ரேஷன் கடையில கேட்டா என்னைத்தான் சொல்லச் சொல்லும். எங்கூர்ல இது ஒரு சங்கதியா? கல்யாணத்தை வெச்சுருங்க." மாசியில் வைத்தார்கள். ஜாபர் மாப்பிள்ளைத் தோழனாக நின்றான்.

பதிவு செய்யப் போனபோது அலுவலகத்தில் இருந்தவர், தலையை நிமிர்த்தாமல், "மாப்பிள்ளை பேர் சொல்லும்மா," என்றார். சாந்தாமணி சும்மா நின்றாள். அவர் அதே மாதிரி தலையை நிமிர்த்தாமல், "சொல்ல மாட்டீங்கன்னு தெரியும், இதுல எழுதுங்க," என்று காகிதத்தைத் தள்ளினார், அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் எத்தனையோ பெண்களைப் பார்த்திருக்கிறார்.

அவள் குனிந்து நிதானமாக எழுதினாள். பேனாவுக்கு ஒன்றும் தடையில்லை. எழுதி முடித்ததும் காகிதத்தை நாச்சிமுத்து பக்கம் திருப்பி, "படிங்க," என்றாள்.

"எனக்குத் தெரியாதுங்களா?"

"சத்தமாப் படிங்க."

"நாச்சிமுத்து," என்று அவர் படித்தார்.

"இன்னொருக்கா," என்றாள் அவள்.